தம்பியின் தட்டில் ஒரு கேரட் துண்டு

போன சனிக்கிழமை மாலை 4 மணி 20 நிமிடத்துக்குத் தம்பி இரண்டாவது கேரட் சிப்ஸை எடுத்தான். முதலாவது, சனிக்கிழமைதோறும் அவனுக்குப் புது உணவைப் பழக்க நாங்கள் நடத்தும் சோதனைக் கணக்கில் வருவது. இரண்டாவதை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தான். நான் பாத்திரம் துலக்குகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாராட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று கற்றுக்கொள்ள எனக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

தம்பிக்கு 31 வயது. ஆட்டிசம் உள்ளவன். மென்பொருள் சோதனை வேலையை வீட்டிலிருந்தே செய்கிறான். பேசுவான், ஆனால் களைத்துப்போனால் எழுதித்தான் காட்டுவான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். அளவெல்லாம் சரியாக இருந்தால் எழுதிக்கொள் என்றான். அதனால் எண்களை, எல்லாவற்றையும் அவன் குறித்து வைக்கும் எக்செல் தாளிலிருந்தே எடுத்திருக்கிறேன். என் நினைவை அவனும் நம்புவதில்லை, நானும் நம்புவதில்லை.

14 மாதங்களுக்கு முன் அவன் சாப்பிட்டவை எட்டே பொருட்கள். ஒரே ஒரு பிராண்டின் உப்புப்போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ், ஒரே பிராண்டின் வெண்ணிலா பிஸ்கட், ஓரம் நீக்கிய ரொட்டி டோஸ்ட், எதுவும் சேர்க்காத நூடுல்ஸ், உப்புப்போட்ட வெள்ளைச் சோறு, வெண்ணிலா ஐஸ்கிரீம், குளிர்ந்த பால், உறைந்த பாக்கெட்டில் வரும் சிக்கன் நக்கெட்ஸ். இவற்றை அவன் 'நம்பின சாப்பாடு' என்பான். அந்தச் சொல்லை நான் சரியாகக் காதில் வாங்கியிருந்தால் முதல் தவறு நடந்திருக்காது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொடங்கியது ஈறில் இரத்தம் வந்ததில். பல் துலக்கும்போது இரத்தம், காலில் காரணம் தெரியாத கன்றல்கள், படியேறினால் களைப்பு. வைட்டமின் சி மிகக் குறைவு, இரும்புச்சத்தும் குறைவு என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. மருத்துவர் ஸ்கர்வி என்றார். அது அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகளுக்கு வந்த நோய் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைத்தாலே ஸ்கர்வி வராதாம். அந்த 10 மில்லிகிராமைக் கொடுக்கிற எதுவும் அவன் தட்டில் போதுமான அளவு இல்லை.

இதற்குச் சில வருடம் முன்பு இன்னொரு மருத்துவர், "பசித்தால் தானாகச் சாப்பிடுவான், பட்டினி போட்டுப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தார். செய்யாமல் விட்டது நல்லதாயிற்று. தம்பிக்குப் பசி என்பதே சரியாகத் தெரியாது. தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகுதான், சாப்பிட்டு ஒன்பது மணி நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பான். இப்போதும் சாப்பாட்டுக்கு அலாரம்தான். இந்த முறை பார்த்த மருத்துவர், இப்படிச் சில உணவுகளைத் தவிர மற்றதைத் தின்ன முடியாமல் போவதற்கென்றே ஆர்ஃபிட் என்று ஒரு நோயறிதல் இருக்கிறது, 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் சேர்த்தார்கள், பெரியவர்களுக்கும் வரும், அடம் வேறு இது வேறு என்றார். கேட்டுக்கொண்டிருந்த தம்பி அன்று மாலை அந்தச் சொல்லைத் தன் தாளின் தலைப்பாக எழுதி வைத்தான்.

சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன் மூன்று வேலைகளை முடித்தோம். இந்த வரிசை மிக முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. முதலில் மாத்திரை. வாசனையும் நிறமும் இல்லாத, விழுங்குகிற வைட்டமின் சி மாத்திரை. ஆரஞ்சு வாசனையோடு மென்று தின்கிறது அவனிடம் நடக்காது. இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்றார்கள். இரண்டாவது மலச்சிக்கல். பல வருடமாக இருந்திருக்கிறது, அவன் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வயிறு அடைத்துக்கிடந்தால் எந்தப் புதுச் சாப்பாடு உள்ளே போகும்? மூன்றாவது பல். ஒரு கடைவாய்ப் பல்லில் குழி இருந்தது. அதை அடைத்த பிறகுதான் டோஸ்ட்டை வலது பக்கமும் மெல்லத் தொடங்கினான்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் எங்கள் மேலிருந்த அவசரம் இறங்கியது. மூன்று மாதத்தில் ஈறு சரியானது. உணவு இனி மருந்து இல்லை, மெதுவாகப் போகலாம் என்ற நிலை வந்தது. நானோ மெதுவாகப் போகவில்லை.

பாலில்தான் தவறு செய்தேன். சுவையற்றது என்று பாக்கெட்டில் போட்டிருந்த சத்துமாவு ஒன்றில் 2 கிராம் எடுத்து 200 மில்லி பாலில் கலக்கினேன். வடிகட்டினேன். நானும் குடித்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தம்பி ஒரு வாய் குடித்தான், டம்ளரைக் கீழே வைத்தான், "இது வேற பால்" என்றான். நான் இல்லை என்றேன். என் குரலையும் சேர்த்துத்தான் அவன் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து ஐந்து மாதம் பால் கிடையாது. நான் ஊற்றிக் கொடுத்தது மட்டுமில்லை, அம்மா ஊற்றியதும் கிடையாது. எட்டு ஏழானது. அவன் உணவில் கால்சியத்துக்கு இருந்த பெரிய வழியை நானே அடைத்துவிட்டேன்.

பால் திரும்ப வந்த விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீல் உடைக்காத சிறிய அட்டைப்பெட்டிப் பால், 200 மில்லி, கூடவே உறிஞ்சுகுழல். அவனே வாங்கி, அவனே திறந்தான். இன்றுவரை அப்படித்தான். பெரிய பாக்கெட் வாங்கி டம்ளரில் ஊற்றுவதைவிடச் செலவு கூடுதல், குப்பையும் கூடுதல். அந்தக் கூடுதலை என் தவறின் வட்டியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பால் நின்றுபோன பிறகுதான் அவனிடம் உட்கார்ந்து கேட்டேன். ஏன் இவை மட்டும்? உடனே பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு எக்செல் தாளைக் காட்டினான். மிச்சமிருந்த ஏழு பொருளுக்கும் ஏழு வரிசை. நிறம், சூடு, சத்தம், ஈரம், வாசனை, உள்ளே என்ன இருக்கிறது, கடிக்க எத்தனை முறை, 'போன தடவை மாதிரி இருக்கிறதா' என்று பத்திகள். கடைசிப் பத்தியில் ஏழுக்கும் 'ஆம்'. சுவை என்று ஒரு பத்தியே இல்லை. நான் இத்தனை காலமும் சுவையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"வாழைப்பழம் ஏன் வேண்டாம்?" என்று கேட்டேன்.

"அக்கா, அது ஒவ்வொரு தடவையும் வேற. ஒரே பழத்துலயே மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். பாக்கெட்டைப் பிரித்தால் முதல் சிப்ஸும் கடைசிச் சிப்ஸும் ஒன்று. பழத்தில் ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும், ஒன்று குழையும். நமக்கு அது பழத்தின் இயல்பு. அவனுக்கு ஒவ்வொரு கடியும் சீட்டுக்குலுக்கல்.

சில நிபந்தனைகளையும் எழுதினான். சோதனை சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மட்டும், சாப்பாட்டு நேரத்தில் கிடையாது. நம்பின சாப்பாடு தனித்தட்டில் முழுதாகப் பக்கத்தில் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். வாயில் வைத்ததைத் துப்பலாம், அதற்குக் கிண்ணம் உண்டு. 'ஒரே ஒரு வாய்' என்று யாரும் சொல்லக்கூடாது. 'சூப்பர்' என்றும் சொல்லக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்குக் கஷ்டம். பாராட்டிவிட்டால் அடுத்த வாரமும் அதையே செய்தாக வேண்டும் என்ற பாரம் ஏறிவிடுகிறதாம். அவன் சொல்லியும் நான் மீறினேன். முதல் முறை வீட்டுச் சிப்ஸ் ஒன்றை முழுதாக அவன் தின்றபோது கை தட்டிவிட்டேன். மூன்று சனிக்கிழமை போயின.

கருவிகள்: 0.1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையல் தராசு, சீவும் பலகை, எண்ணெயில் வைக்கும் வெப்பமானி, ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி, காற்றுப் புகாத டப்பாக்கள், உணவுப்பொருளுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். இவற்றோடு தடிமனை அளக்கும் ஒரு பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர். கடைசியாகச் சொன்னது தம்பியின் யோசனை. நான் சிரித்தேன். இந்த முயற்சியில் அதிகம் உதவிய கருவி அதுதான்.

சிப்ஸிலிருந்து தொடங்கினோம். வாய் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதிலிருந்து ஒரு சிறு அடி எடுத்துவைப்பது, அங்கிருந்து இன்னொன்று. சங்கிலி மாதிரி. முதல் கண்ணி, அதே சிப்ஸ், ஆனால் வீட்டில் செய்தது. கேட்க எளிதாக இருக்கிறதா? ஒன்பது வாரம் ஆனது.

பாக்கெட் சிப்ஸில் பத்து எடுத்துக் காலிப்பரில் அளந்தான். 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர். சராசரி 1.4. நான் கத்தியால் நறுக்கியது 2-இலிருந்து 4 வரை கண்டபடி இருந்தது. ஒரே துண்டிலேயே ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் காகிதம். சீவும் பலகையில் 1.5-இல் வைத்துச் சீவினால் வறுத்த பிறகு சரியாக வந்தது. சீவிய துண்டுகளை 30 நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, மாவு போக இரண்டு முறை அலசி, துணியில் பரப்பி நன்றாகத் துடைத்து, 170 முதல் 175 டிகிரி எண்ணெயில் போட வேண்டும். கொஞ்சமாகப் போட வேண்டும். நிறையப் போட்டால் சூடு 140-க்கு இறங்கி, சிப்ஸ் எண்ணெய் குடித்து வளைந்துவிடும். உப்பு 100 கிராம் சிப்ஸுக்கு 1.5 கிராம். மிக்சியில் பொடித்த உப்புதான் ஒட்டும்.

இதெல்லாம் சரியான பிறகும் மூன்று வாரம் சிப்ஸ் பழுப்பாகவே வந்தது. சூட்டைக் குறைத்தேன், எண்ணெயை மாற்றினேன், ஊறும் நேரத்தைக் கூட்டினேன். தம்பி தூரத்திலிருந்தே பார்த்து "கறுப்பு" என்று தாளில் குறித்துவிட்டுப் போய்விடுவான். காரணம் குளிர்சாதனப் பெட்டி. உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதிலுள்ள மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும். அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் கறுக்கிறது. கெட்டுப்போகாமல் இருக்கட்டும் என்று முன்கூட்டியே வாங்கி உள்ளே அடுக்கி வைத்தது நானே. வெளியே, இருட்டான கூடையில் வைத்த கிழங்கில் செய்ததும் நிறம் வந்துவிட்டது.

பலகையில் சீவும்போது கட்டைவிரல் நுனி ஒருமுறை போனது. கூடவே வந்த கைப்பிடிக் காப்பை உபயோகிக்காமல் விட்ட சோம்பேறித்தனம். இப்போது வெட்டுப்படாத கையுறை இல்லாமல் அந்தப் பலகையை எடுப்பதில்லை.

ஒன்பதாவது வாரம் வீட்டுச் சிப்ஸ் தாளில் 'ஆம்' வாங்கியது. அடுத்து தடிமனைக் கூட்டிப் பொரித்த உருளை விரல்கள்வரை போகலாம் என்பது என் திட்டம். 2 மில்லிமீட்டர் போனது. 3 மில்லிமீட்டரில் நின்றது. "வெளியே சிப்ஸ், உள்ளே மாவு. ரெண்டு சாப்பாடு." மொறுமொறுப்புக்குள் மென்மை இருந்தால் அவனுக்கு அது ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொன்று. என் பால் மாதிரி. சரி என்று அந்தச் சங்கிலியை அங்கேயே விட்டோம்.

பிஸ்கட் வேலை சீக்கிரம் முடிந்தது. நம்பின பிராண்டு எப்போதாவது நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதே அளவு, அதே நிறத்தில் மூன்று பிராண்டு வாங்கிப் பொட்டலத்திலிருந்து எடுத்து எண் போட்டுக் கொடுத்தேன், எது எது என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். இது சாப்பாடு இல்லை, சோதனை வேலை, அவன் தொழில். மூன்றையும் சரியாகச் சொன்னான். போகிறபோக்கில் இரண்டாம் எண்ணை 'பரவாயில்லை' என்று குறித்தான். அது இன்று பட்டியலில் இருக்கிறது.

அடுத்தது கேரட். சர்க்கரைவள்ளிக்கிழங்கைத்தான் முதலில் சொன்னேன், பெயரைக் கேட்டதுமே மறுத்துவிட்டான். பட்டியலில் ஆரஞ்சு நிறத்தில் எதுவும் இல்லாததால் கேரட்டை நிறத்துக்கான சோதனையாக அவனே எடுத்துக்கொண்டான்.

உருளைக்கு வேலை செய்த எதுவும் கேரட்டுக்கு வேலை செய்யவில்லை. 175 டிகிரி எண்ணெயில் போட்டேன். ஓரம் கரிந்தது, நடுவில் ரப்பர். கேரட்டில் நீரும் அதிகம், சர்க்கரையும் அதிகம். உருளையில் சுமார் 79 விழுக்காடு தண்ணீர் என்றால் கேரட்டில் 88. நீர் வெளியேறுவதற்குள் சர்க்கரை கரிந்துவிடுகிறது. எண்ணெயை விட்டு ஓவனுக்கு வந்தேன். 1.5 மில்லிமீட்டரில் சீவியது காய்ந்து சருகானது, தொட்டால் நொறுங்கியது. 2 மில்லிமீட்டரில் சீவி, 100 டிகிரியில் 1 மணி 45 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பி, ஓவன் கதவை ஒரு மரக்கரண்டி செருகிக் கொஞ்சம் திறந்து வைத்து ஈரத்தை வெளியே விட்டால் சரியாக வந்தது. 200 கிராம் கேரட்டுக்குச் சுமார் 26 கிராம் சிப்ஸ்.

அந்த 100 டிகிரிக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. திருகியில் 100 வைத்தால் உள்ளே வெப்பமானி 118 காட்டியது. நான்கு தட்டு கேரட் கரிந்த பிறகுதான் வெப்பமானி வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று, ஓவனிலிருந்து எடுத்தவுடன் கேரட் தொய்வாகத்தான் இருக்கும். ஆறினால்தான் மொறுமொறுக்கும். இது தெரியாமல் இன்னும் காயட்டும் என்று திரும்ப உள்ளே தள்ளிப் பலமுறை கெடுத்தேன். ஆறிய பிறகு வெளியே விட்டால் 20 நிமிடத்தில் மறுபடி தொய்ந்துவிடும். ஆறினதும் டப்பா, டப்பாவில் சிலிக்கா ஜெல், மூடி. ஒரு சனிக்கிழமை மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டதில் எல்லாம் தோலாகிவிட்டது. கடித்துப் பார்க்கும் முன்பே, எடுத்து இரண்டு விரலால் வளைத்தான். உடையவில்லை. வைத்துவிட்டான். அன்று முதல் அவன் கைக்குப் போகும் முன் நான் ஒன்றை உடைத்துச் சத்தம் கேட்டுப் பார்த்துவிடுகிறேன்.

சிப்ஸ் தயாராவது ஒரு பக்கம். அவன் வாய்க்கு அது போனது தனிப் பயணம். முதல் இரண்டு சனிக்கிழமை கேரட் மூடிய டப்பாவில் அறையின் மறுமூலையில் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் மேசையின் அந்தக் கோடியில், மூடி திறந்து. வாசனைக்கு முகம் சுளித்தான். குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுத்தேன், குளிர்ந்தால் வாசனை அடங்கும். அதை ஏற்றுக்கொண்டான். ஐந்தாவது வாரம் காலிப்பரை எடுத்தான்.

காலிப்பர் கையிலிருந்தால் கேரட் அவனுக்கு உணவு இல்லை, அளக்க வேண்டிய பொருள். பொருளைத் தொடலாம். தடிமன், விட்டம், எடை, உடையும் சத்தம் உரத்தா மெல்லவா, எல்லாம் குறித்தான். ஐந்து வாரம் இப்படியே அளந்தான். எனக்கு உள்ளுக்குள் பொறுமை போய்விட்டது, விளையாட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் முதல் மாதம் டப்பாவையே பார்க்க மறுத்தவன் விரல் நுனியில் ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருப்பதைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தான். பத்தாவது வாரம் உதட்டில் வைத்தான். பதினொன்றில் நாக்கு. பன்னிரண்டில் கடித்துத் துப்பினான்.

துப்பியதற்குக் காரணம் உப்பு. உருளைக்குப் போட்ட பழக்கத்தில் கேரட்டுக்கும் போட்டிருந்தேன். "உப்பா, இனிப்பா, ஏதாவது ஒண்ணா இருக்கணும்." அடுத்த வாரம் உப்பில்லாமல். பதின்மூன்றாவது வாரம் ஒரு சிப்ஸ் முழுதாக உள்ளே போனது. 0.6 கிராம். தாளில் அப்படித்தான் இருக்கிறது.

ஸ்ட்ராபெரிக்கு நான் இவ்வளவு மெனக்கெடவே இல்லை. உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ராபெரித் துண்டுகள் பாக்கெட்டில் கிடைக்கின்றன. எடையே இல்லாமல், கடித்தால் சிப்ஸ் மாதிரி நொறுங்கும். பழம்தான், ஆனால் குழையாது, சாறு வழியாது, வைட்டமின் சி-யும் பெரும்பாலும் தங்கியிருக்கும். மூன்றாவது சனிக்கிழமையே தின்றுவிட்டான். புளிப்பு அதிகமான துண்டுகள் சில வரும், அவற்றை நிறத்தை வைத்து ஒதுக்கக் கற்றுக்கொண்டான். இதுவும் ஈரம் பட்டால் நிமிடங்களில் பஞ்சாகிவிடும், அதனால் சிறிய பாக்கெட்தான். விலை அதிகம். பதின்மூன்று வாரம் கேரட்டோடு மாரடித்ததற்கு இதையே முதலில் வைத்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அவன் அதைத் துணிந்து எடுத்ததே, டப்பா திறந்து அளந்து பழகிய அந்த வாரங்களால்தானோ என்னவோ.

தோற்றவை நிறைய. முட்டையை நூடுல்ஸ் பக்கமாகக் கொண்டுபோக ஆறு வாரம் முயன்றேன், வாசனையிலேயே முடிந்தது. வேகும்போது அவன் வீட்டில் இருக்கவே கூடாது. இரண்டாவது முயற்சியில் நூடுல்ஸையே ஒரு வாரம் தள்ளிவைத்தான். பயந்துபோய் முட்டையைக் கைவிட்டேன். இருப்பதை இழக்கும் அபாயம் வந்தால் புதியதை உடனே விட்டுவிட வேண்டும், இதில் இப்போது எனக்குத் தயக்கமே இல்லை.

ஆரஞ்சுச் சாறு வேறு மாதிரி. வடிகட்டி, பாக்கெட்டில் அடைத்த, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிற சாறு. எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியது. முதல் வாய்க்கே "கசப்பு" என்று எழுதினான். ஆரஞ்சுச் சாறு கசக்குமா? நான்கு முறை, நான்கும் கசப்பு. ஐந்தாவது முறை கவனித்தேன். வாயில் முந்தைய உணவின் சுவை இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு சோதனைக்கும் முன் அவன் பல் துலக்கிக்கொண்டு வருகிறான். பெரும்பாலான பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இனிப்பை மழுங்கடித்துக் கசப்பைத் தூக்கிக் காட்டும். அந்தப் பொருள் இல்லாத, வாசனையில்லாத பற்பசைக்கு மாறினோம். ஆனால் ஆரஞ்சுக்கு 'கசப்பு' என்று தாளில் பதிந்துவிட்டது. பதிந்ததை மாற்ற மாட்டான். அந்த வழி அடைந்தது அடைந்ததுதான். பற்பசை மாறியதில் ஒரு லாபம் உண்டு. புதினா எரிச்சல் இல்லாததால் இப்போது ஒரு நாளைக்கு இரண்டு முறை துலக்குகிறான்.

ஆப்பிள் கடைசியாக வந்தது. தோல் சீவி, 3 மில்லிமீட்டர், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு. பழுப்பேறாமலிருக்க உப்புநீரில் நனைத்தேன், உப்பும் இனிப்பும் சேர்ந்தது, மறுப்பு. இப்போது தின்கிற நிமிடத்தில்தான் நறுக்குகிறோம். நறுக்குவது அவன். மூன்று ஆப்பிளில் இரண்டு தேறும், ஒன்று மாவாக இருக்கும். மாவாக இருப்பதை எனக்குத் தந்துவிடுவான். ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கிற ஒன்று அவன் பட்டியலில் ஏறியது இதுதான் முதல் முறை. ஏன் என்று கேட்டேன். "முதல் துண்டுலயே தெரிஞ்சிடுது. தூக்கிப் போடலாம்."

மொத்தக் கணக்கு: 14 மாதம், சோதனை நடந்த சனிக்கிழமை 47, சமையலறையில் என் நேரம் சுமார் 80 மணி, உருளைக்கிழங்கு 11 கிலோ, கேரட் 9 கிலோ. இதில் பாதி கரிந்தோ தொய்ந்தோ போனது, அதில் பெரும்பங்கை நானும் அம்மாவும் தின்றோம். எட்டு ஏழாகி, மறுபடி எட்டாகி, இப்போது 13. ஐந்தும் ஒரு வேளைச் சாப்பாடாக ஆகவில்லை. கேரட் ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டு, ஸ்ட்ராபெரி ஒரு கைப்பிடி. மாத்திரையை நிறுத்தவில்லை, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தப்போவதும் இல்லை.

திரும்பச் செய்வதானால் முதல் நாளிலேயே சமையலறைப் புகைபோக்கி விசிறியை அணைத்துவிடுவேன். அந்த இரைச்சலில் ஒரு புதுப்பொருளை வாயில் வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்பது ஏழாவது மாதம் அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்த பிறகே உறைத்தது. வாராவாரம் எடை பார்த்ததையும் செய்ய மாட்டேன். மருத்துவர் மாதம் ஒருமுறை போதும் என்றார், நான்தான் எடைக்கருவியை நடு வீட்டில் வைத்தேன். கருவியைப் பார்த்த நாட்களில் அவன் குறைவாகச் சாப்பிட்டது தாளில் தெரிகிறது. நம்பின பொருளின் பாக்கெட்டை வாங்கும்போதெல்லாம் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து வைப்பேன். நடுவில் நக்கெட்ஸ் பாக்கெட்டின் நிறம் மாறி நான்கு நாள் தின்னாமல் இருந்தான். பொருட்பட்டியல் மாறவில்லை, அட்டை மட்டும்தான் மாறியது என்று காட்ட என்னிடம் பழைய பாக்கெட் இல்லை. குப்பைத் தொட்டியைக் கிளறி எடுத்துவந்து காட்டினேன். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்றான்.

எடை சடசடவென்று இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, தின்னும்போது அடைத்துக்கொண்டாலோ வீட்டு முயற்சியை நிறுத்திவிட்டு உடனே வரச்சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அப்படி ஆகவில்லை. போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் சி சரியாக இருக்கிறது, இரும்புச்சத்து ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்று அந்தத் தாளைத் திறந்தேன். வரும் சனிக்கிழமைக்கான வரியை நான் கேட்பதற்கு முன்பே நிரப்பியிருக்கிறான். பச்சைப் பட்டாணி, உறைந்த நிலையில், 1. வேகவைக்கக் கூடாது. குறிப்புப் பத்தியில், 'அக்கா பக்கத்து அறையில் இருக்கலாம்.'